கேமரா படிப்பு சோறு போடுமா?

'பெண் என்ன படிக்கிறாள்?' என்று யாராவது கேட்டால் 'நர்சிங்' என்று சொல்லலாம், 'பி.காம்.' என்று சொல்லலாம். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். 'போட்டோ எடுக்கிற படிப்பு' என்று சொல்லிப் பாருங்கள், அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். "அதுக்கு எதுக்குங்க காலேஜு? இப்பத்தான் எல்லார் கையிலயும் போன் இருக்குதே!" என்பது முதல் கேள்வி. "அதுல என்னங்க சம்பாத்தியம் வரும்?" என்பது இரண்டாவது.

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். பதில் தேடி நான் ஒரு மாதம் அலைந்தேன். பிள்ளை கேமராவும் கையுமாக நிற்கிற வீடுகள் இப்போது எவ்வளவோ இருக்கின்றன. அந்தத் தாய்மார்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்செங்கோடு பக்கம். என்னவர் போர் போடுகிற ரிக் வண்டிப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மூத்தவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் என்ற மூன்று வருடப் பட்டப் படிப்பில் சேர்ந்தாள். கடைசி வருஷம் தொடங்கும்போது, "அப்பா, எனக்குச் சொந்தமா ஒரு கேமரா வேணும்" என்றாள். அதே மாதம்தான் நாலு வருஷமாகக் கட்டி வந்த சீட்டுப் பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கைக்கு வந்தது. அவள் கல்யாணத்துக்கு நகை சேர்க்க என்று கட்டிய சீட்டு அது.

என் மாமியாருக்குச் சுருக்கென்றது. "கழுத்துக்கு நகை போடறதை உட்டுப்போட்டு, கேமராவைத் தூக்கி மாட்டி உடறதா? நல்லாருக்குது போ!" என்றார். என்னவர் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "நீயே நாலு இடத்துல விசாரிச்சுச் சொல்லு. சோறு போடுற தொழில்னா வாங்கித் தரலாம்" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

முதலில் போனது 2003-இல் எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோவுக்கு. அந்த அண்ணன் இன்னும் கடை வைத்திருக்கிறார். "அப்பல்லாம் ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். கல்யாணத்துக்கு நாலஞ்சு ரோல். ஒவ்வொரு படமும் எண்ணித்தான் அமுக்குவோம். இப்ப ஒரு கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் படம் எடுக்கறாங்க. எடுக்கறது ஒரு நாள், உக்காந்து பொறுக்கி, சரி பண்ணி ஆல்பம் போடறது பத்து நாள்" என்றார். 'ஆள் தேடி வரட்டும்' என்று கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்தவர்களில் பலர் கடையை மூடிவிட்டார்களாம். வேலை இருக்கிற இடத்தைத் தேடிப் போனவர்கள் பிழைத்துக்கொண்டார்களாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நானும் மகளும் கிளம்பினோம்.

இளம்பிள்ளைக்குப் போனோம். சேலை வாங்க நம்மில் பலர் அங்கே போயிருப்போம். இந்த முறை சேலையைப் பார்க்காமல் வியாபாரத்தைப் பார்த்தோம். கடைக்கு வருகிறவர்களுக்கு விற்பதோடு வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறார்கள். புதுச்சரக்கு வந்தால் புதுப்படம் வேண்டும். ஒரு சேலைக்கு உடல், கரை, முந்தானை, ரவிக்கைத் துணி என்று நாலு படமாவது வேண்டும்.

"போன்லயே எடுத்துக்கறோமே!" என்று ஒரு கடைக்கார அம்மா சொன்னார். பேச்சோடு பேச்சாக, அரக்குக் கலர் சேலை படத்தில் செங்கல் கலராகத் தெரிந்துவிடுகிறது, வாங்கியவர்கள் 'இது நான் கேட்ட கலர் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்றும் சொன்னார். அனுப்பின செலவும் போச்சு, சேலையின் மடிப்பும் போச்சு! மகள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், டியூப் லைட் ஒரு பக்கம். இரண்டு வெளிச்சத்துக்கும் நிறம் வேறு என்பதால் ஒரே சேலை இரண்டு கலராகத் தெரிகிறது என்று விளக்கினாள். லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினாள். ஒரு வெள்ளைக் காகிதத்தைப் படம் பிடித்து, அதற்கேற்பக் கேமராவின் நிறத்தைச் சரி செய்தாள். கல்லூரியில் கடன் வாங்கி வந்த கேமராதான். அரக்கு அரக்காகவே வந்தது. அந்த அம்மா அன்றைக்கே பத்துச் சேலையை எடுத்துக் கொடுத்து, "இதையும் எடுத்துக் கொடுத்துட்டுப் போ, கண்ணு" என்றார்.

முதல் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். போன் வந்ததும் படம் எடுப்பது மலிவாகிவிட்டது உண்மைதான். ஆனால் அதே போனால் படம் தேவைப்படுகிற இடமும் பெருகிவிட்டது. கேமராவை அமுக்குவதற்கு இப்போது யாரும் காசு தர மாட்டார்கள். வெளிச்சம் தெரிந்தவருக்குத் தருவார்கள். படிப்பு என்பது அந்த வெளிச்சத்தைப் படிப்பதுதான்.

அடுத்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிக் கொலுசைப் படம் எடுப்பது சேலையைவிடக் கஷ்டம் என்று அங்கே தெரிந்தது. வெள்ளி கண்ணாடி மாதிரி. எடுக்கிறவர் முகம், கேமரா, மேலே சுற்றுகிற மின்விசிறி எல்லாம் அதில் தெரியும். அதற்கும் ஒரு வழி உண்டு. கொலுசைச் சுற்றிலும் வெள்ளைத் துணியால் சின்னக் கூடாரம் போல மறைத்து, லென்சுக்கு மட்டும் ஒரு துவாரம் விட்டு எடுக்க வேண்டும். என் மகள் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் அவள் அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்தி வீட்டிலேயே செய்து பார்த்தாள். வேட்டியில் ஓட்டை போட்டதற்கு இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள், எங்கள் ஊரிலிருந்து ரிக் வண்டி தேசமெங்கும் போகிறது. பழைய வண்டி விற்பவர்கூட வாங்குகிறவருக்கு முதலில் படம்தான் அனுப்புகிறார். ஆட்டையாம்பட்டி முறுக்கும் ராசிபுரம் நெய்யும் பாக்கெட்டில் படத்தோடு போனால்தானே வெளியூர்க்காரர் கண்ணில் படும்? போட்டோ படித்த பிள்ளை சென்னைக்கு ரயில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

வேறு வேலைகளும் உண்டு. பத்திரிகை போட்டோகிராபர் வேலை, அரசாங்கத்தின் செய்தி மக்கள் தொடர்புத் துறை வேலை, தடயத்தைப் படம் பிடிக்கிற போலீஸ் இலாகா வேலை ஆகியவற்றுக்கு இடங்கள் குறைவு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கண்ணின் விழித்திரையைப் படம் எடுப்பார்களே, அதுவும் கேமரா வேலைதான். ஆனால் அதற்குக் கண் மருத்துவ டெக்னீஷியன் பயிற்சி தனியாக வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கென்றே ஒரு பக்கம் திறந்திருக்கிறது. வளைகாப்பு, பூப்பு நன்னீராட்டு, மணப்பெண் அலங்கார அறை, பிறந்த குழந்தை என்று பெண்கள் கூச்சப்படுகிற இடங்களில் படம் எடுக்க ஒரு பெண் வந்தால் வீட்டாருக்கு நிம்மதி. சேலத்தில் பச்சைக் குழந்தைகளை மட்டும் படம் எடுக்கும் ஒரு பெண்ணைச் சந்தித்தோம். பிறந்து முதல் இரண்டு வாரத்துக்குள் குழந்தை நன்றாகத் தூங்கும், அதுதான் எடுப்பதற்குச் சௌகரியமான சமயம் என்றார். இளம் தாய்மார்களுக்காக அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்தேன். குழந்தை இரண்டு கையையும் கன்னத்தில் ஊன்றி உட்கார்ந்திருப்பது போன்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் குழந்தை அப்படித் தனியாக உட்காருவதில்லை. ஒரு படத்தில் தலையை ஒருவர் பிடித்திருப்பார், அடுத்த படத்தில் கையைப் பிடித்திருப்பார். பிறகு இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பிடித்த கையை அழித்துவிடுவார்கள். ஆகவே படம் எடுக்க வந்தவர் கையைக் கழுவினாரா, அறை கதகதப்பாக இருக்கிறதா, தலைக்கு எப்போதும் ஒரு கை தாங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். 'ஒரு நிமிஷம்தான், கையை எடுங்க' என்றால், 'படமே வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

'பொம்பளைப் பிள்ளைக்குக் கேமராவா?' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஹோமாய் வியாரவாலா நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913-இல் பிறந்தவர். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டால்டா 13'! அவருடைய காரின் எண் டி.எல்.டி. 13, பிறந்த வருஷத்திலும் 13 இருக்கிறது, அதனால்தான் அந்தப் பெயர். சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு டில்லியில் பெரிய தலைவர்களையெல்லாம் படம் பிடித்தவருக்கு 2011-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இன்னொருவர் நம் தமிழ் சினிமாவின் பி.ஆர். விஜயலட்சுமி. டைரக்டர் பி.ஆர். பந்துலுவின் மகள். 1985-இல் வந்த 'சின்ன வீடு' படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்தார்.

சேலத்துக்கும் கேமரா புதிதல்ல. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்து வந்ததுதான். கேமரா, லைட், லேபரட்டரி என்று எத்தனையோ பேர் தொழில் கற்ற இடம். இன்று ஸ்டூடியோ இல்லை. ஏற்காடு போகிற ரோட்டில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த மாதிரி ஒரே கூரையின் கீழ் பல பேருக்கு வேலை கொடுக்கிற இடம் இன்று நம் பக்கம் கிடையாது. இப்போது வேலை ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிறது, நாம்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

படிப்பைப் பற்றியும் கேட்டு வந்தேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பல கலைக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கிறது. சினிமா ஒளிப்பதிவுதான் வேண்டும் என்றால் சென்னை தரமணியில் அரசாங்கத்தின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நாலு வருடப் பட்டப் படிப்பு உண்டு. பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் அரசு நிறுவனம். விளம்பரப் படம் போன்ற தொழில்முறைப் புகைப்படத்துக்கென்றே 2001-இல் ஊட்டி லவ்டேலில் லைட் அண்ட் லைஃப் அகாடமி தொடங்கினார்கள். பட்டம் முடித்து மேலே படிக்க நினைப்பவர்களுக்கு, தேசிய வடிவமைப்பு நிறுவனம் காந்திநகரில் புகைப்படத்துக்கு முதுநிலைப் படிப்பு நடத்துகிறது.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு கேமராவுக்கு எத்தனை பிள்ளைகள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கையில் கிடைக்கும்? போன வருஷம் முடித்த பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்? கட்டடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு இந்த மூன்றுக்கும் மழுப்பினால் யோசிக்க வேண்டியதுதான்.

மாத முடிவில் என்னவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தோம். புதுக் கேமரா வேண்டாம், செகண்ட்ஹேண்டே போதும். வண்டிக்குக் கிலோமீட்டர் பார்ப்பது போல, கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது என்று பார்த்து வாங்கலாமாம். இதைக் கேட்டதும் பட்டறைக்காரரான இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது! கேமரா, ஒரு லென்ஸ், பை எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் ஆயிற்று. விலை கூடின லென்சுகள் நாள் வாடகைக்குக் கிடைப்பதால் வாங்கவில்லை. மீதிப் பணத்தில் அரைப் பவுனில் ஒரு ஜோடித் தோடு. மாமியாருக்குப் பாதி திருப்தி.

சீட்டுப் பணம் இல்லாத வீடுகளுக்கும் ஒன்று சொல்கிறேன். பாங்குகளில் முத்ரா கடன் என்று இருக்கிறது. சிசு என்ற பிரிவில் ஐம்பதாயிரம் வரை, கிஷோர் என்ற பிரிவில் ஐந்து லட்சம் வரை, சொத்து ஜாமீன் கேட்காமல் தொழிலுக்குக் கொடுக்கிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டால் மானியத்தோடு கூடிய திட்டங்களையும் சொல்வார்கள். கடன் கடன்தான், தவணை கட்ட வருமானம் தெரிந்த பிறகே வாங்குங்கள்.

என் ஒரே நிபந்தனை, ஒரு கணக்கு நோட்டு. வந்தது, போனது, வர வேண்டியது மூன்றையும் அன்றன்றைக்கே எழுத வேண்டும். பத்து மாத நோட்டு என் முன்னால் இருக்கிறது. மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், பஸ், வாடகை லென்ஸ் செலவு போகக் கையில் நின்றது எண்பத்தாறாயிரம். நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் வாங்குகிற சம்பளத்தைவிடக் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. வைகாசியிலும் தையிலும் நிற்க நேரமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. ஆனால் ஆடியில் ஜவுளிக்காரர்களுக்குத் தள்ளுபடி வியாபாரம், அதை அடுத்துத் தீபாவளிச் சரக்கு. முகூர்த்தம் ஓய்கிற மாதத்தில் சேலை கை கொடுத்தது. ஒரே வேலையை நம்பியிருந்தால் வருஷத்தில் பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

'வர வேண்டியது' என்ற பக்கமும் நோட்டில் இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டார் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு பாதிப் பணத்துக்கு இன்னும் நாள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து எந்த வேலையானாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறாள். முன்பணம் பாதி, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. படத்தை யார் எங்கே போடலாம் என்பதும் அதில் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான் போகும். ஆகவே எடுத்த படத்தைத் தன் வேலைக்கு மாதிரியாகக் காட்ட விரும்புகிற பிள்ளை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பெண்ணின் கல்யாணப் படம் ஊரெல்லாம் சுற்றக் கூடாது என்று நினைக்கிற நாமும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். எடுத்த படம் அன்று ராத்திரியே இரண்டு இடத்தில் பதிவாக வேண்டும். சேலையை மறுபடி எடுக்கலாம், முகூர்த்தத்தை மறுபடி வைக்க முடியாது. வெளியூர்க் கல்யாணத்துக்குக் கூட ஒரு தோழியோடு போவாள், ராத்திரி அங்கேயே பெண் வீட்டாரோடு தங்கிக் காலையில் கிளம்புவாள். வேளைக்குச் சாப்பிடுவதும் ஒரு நிபந்தனை. பந்தியைப் படம் எடுக்கிற பிள்ளைதான் பந்தியில் கடைசியாக உட்காருகிறது. பையில் கடலை உருண்டையும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.

போன மாதம் ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். "கல்யாணத்துக்கு அப்புறம் ராத்திரி வேலைக்கெல்லாம் போகாம இருந்தாச் சரிங்க" என்றார் பையனின் அம்மா. நான் பதில் யோசிப்பதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார். "பகல் வேலையே நெறைய இருக்குதுங்க. சேலை எடுக்கறா, கொலுசு எடுக்கறா. ராத்திரிக்குப் போறதும் போகாததும் அவ தொழிலுங்க, அவளையே கேட்டுக்கோங்க" என்றாரே பார்க்கலாம்! அவர்களிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. வந்தாலும் வராவிட்டாலும், 'இன்னும் ஒரு வருஷம் நோட்டை எழுதட்டும், பார்க்கலாம்' என்கிறார் என்னவர்.

சகோதரிகளே, பிள்ளை கேமரா கேட்டால் உடனே தலையாட்டவும் வேண்டாம், தட்டிக் கழிக்கவும் வேண்டாம். ஒரு நாள் அவனையோ அவளையோ கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு நடை நடந்து வாருங்கள். எங்கெங்கே நல்ல படம் இல்லாமல் சரக்கு தூங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் தொழிலும் செய்துகொள்ளும். கணக்கு நோட்டை மட்டும் முதல் நாளே நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.